கூதிர்காலப் பூக்களும் பருவ மரபுகளும்: 'இலையுதிர்காலம்' என்னும் சொல்லை முன்னிட்டு ஒரு விளக்கம்

முன்னுரை

நிலத்துக்குப் பூவின் பெயரை இட்டு, அந்நிலத்துக்குரிய பொழுதையும் வகுத்துக் காட்டியது பழந்தமிழ் மரபு. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்பன முதலில் பூக்களின் பெயர்கள். பின்னரே திணைகளின் பெயர்கள். ஆகவே, பருவத்தைப் பற்றிப் பேசும் பழந்தமிழ்ப் பாடல் எதுவாயினும், அதில் இடம்பெறும் பூ வெறும் அணியன்று. காலத்தை உறுதிப்படுத்தும் சான்று. இச்சான்றைச் சரியாகப் படிக்கத் தவறின் பாடலின் பொருளே திரிந்துவிடும்.

இவ்வாறு திரியும் ஓரிடத்தை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. தொல்காப்பியம் கூறும் ஆறு பெரும்பொழுதுகளுள் ஒன்றாகிய கூதிர், ஆங்கில வழிப் பயில்வோரால் பெரும்பாலும் மேலைநாட்டு 'ஆட்டம்' பருவத்துக்கு நிகராகக் கொள்ளப்படுகிறது. அச்சொல்லுக்கு இக்காலத் தமிழில் 'இலையுதிர்காலம்' என்னும் பெயர் வழங்குவதால், கூதிரும் இலையுதிர்காலமும் ஒன்றென்னும் எண்ணம் எளிதில் வேரூன்றிவிடுகிறது. பருவமாற்றத்தை வெளிப்படையாகக் காணாத மலேசிய, சிங்கப்பூர் மண்ணில் வளரும் நம் மாணவர்கள் நான்கு பருவங்களையும் பாடநூல்களிலும் திரைப்படங்களிலுமே அறிந்தவர்கள். கூதிர் என்றவுடன் செம்பழுப்பு இலைகள் உதிர்ந்து கிடக்கும் சாலை அவர்களின் மனக்கண்ணில் தோன்றுமாயின், அதில் வியப்பில்லை. ஆனால் அக்காட்சியோடு நெடுநல்வாடையைப் படிப்பவர் வேறொரு நூலையே படிக்கிறார் எனலாம்.

கூதிர்காலத்தில் எந்தப் பூக்கள் மலர்ந்தன, ஏன் மலர்ந்தன, அவற்றையொட்டி எந்த வழக்கங்கள் அமைந்தன என்பவற்றை இங்கு விளக்க முற்படுகிறோம். இத்தகைய நோக்கு நமக்குப் புதியதன்று. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் 1961 முதல் பணியாற்றிய தனிநாயகம் அடிகளார், சங்கப் பாடல்களில் நிலத்துக்கும் கவிதைக்கும் உள்ள உறவைப் பற்றி 1966-இல் ஆங்கில நூலொன்றை வெளியிட்டார். நிலத்தை அறியாமல் பாட்டை அறிய இயலாது என்பது அவர் வழி நாம் பெற்ற பாடம்.

பருவப் பகுப்பும் பெயர் மயக்கமும்

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்பன ஆறு பெரும்பொழுதுகள். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி என்று உரையாசிரியர்கள் மாதங்களைப் பிரித்துரைப்பர். முல்லைக்குக் காரும் மாலையும் உரியவை. குறிஞ்சிக்குக் கூதிரும் யாமமும் உரியவை. முன்பனியும் அதற்கு உரித்தாகும்.

ஐப்பசி, கார்த்திகை என்பன அக்டோபர் நடுப்பகுதி முதல் டிசம்பர் நடுப்பகுதி வரையிலான காலம். ஐரோப்பாவிலும் இது ஆட்டம் பருவத்தின் பெரும்பகுதியே. நாட்காட்டி அளவில் இரண்டும் ஒத்துப்போவதால்தான் மயக்கம் நேர்கிறது. நிலத்தில் நிகழ்வதோ நேர்மாறானது. குளிர்நாடுகளில் பகல் குறுகி வெப்பம் தாழும்போது மரங்கள் இலைகளை உதிர்த்து வளர்ச்சியை நிறுத்திக்கொள்கின்றன. தமிழகத்திலோ இவ்விரு மாதங்களில்தான் வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று கொணரும் மழையின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுவதால், மலைக்குக் கிழக்கேயுள்ள தமிழகம் தன் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களிலேயே பெறுகிறது. எனவே கூதிர் தமிழ்நிலத்தின் பசுமை மிகும் காலம்.

தமிழகத்தில் இலை உதிரும் காலமே இல்லையோ எனில், உண்டு. வறண்ட காடுகளின் மரங்கள் பனிக்காலத்தின் பிற்பகுதியில், மண்ணின் ஈரம் வற்றும்போது, இலைகளை உதிர்க்கின்றன. இலையின்றி நிற்கும் இலவமரம் கிளையெல்லாம் செந்நிறப் பூக்களோடு தோன்றும் காட்சியை ஔவையார் அகநானூற்றின் 11-ஆம் பாடலில் பாலைநிலத்துக்கு உரியதாக வைத்துப் பாடியுள்ளார். ஆக, தமிழ் மரபில் இலையின்மை கோடையோடும் பாலையோடும் சேர்வது. அதனைக் குளிரோடும் குறிஞ்சியோடும் சேர்ப்பது நிலத்துக்கும் இலக்கணத்துக்கும் ஒருசேர மாறுபட்டதாகும்.

வடபுலத்துச் சரத்காலம்

மற்றொரு மயக்கமும் உண்டு. வடமொழி மரபில் ஆசுவினமும் கார்த்திகமும் 'சரத்' எனப்படும். மாதப்பெயர் ஒப்புமையால் கூதிரும் சரத்தும் ஒன்றென்பாரும் உளர். ஆனால் வடபுலத்துக் கவிகள் போற்றும் சரத்காலம் மழை ஓய்ந்த காலம். தென்மேற்குப் பருவக்காற்று செப்டம்பரின் பிற்பகுதியில் வடமேற்கு இந்தியாவிலிருந்து பின்வாங்கத் தொடங்குகிறது, வானம் தெளிகிறது, ஆறுகள் கலங்கல் நீங்குகின்றன, நிலவு ஒளிர்கிறது. காளிதாசர் இயற்றியதாகக் கருதப்படும் இருதுசங்காரம், நாணற்பூவை ஆடையாக உடுத்த மணமகளாகச் சரத்தை உருவகிக்கிறது.

வங்கத்தில் இப்பருவம் இன்றும் பூக்களாலேயே அறியப்படுகிறது. அங்குச் சரத் என்பது பாத்திரமும் ஆசுவினமும் ஆகும். ஆகஸ்டு நடுப்பகுதியில் தொடங்கி அக்டோபர் நடுப்பகுதியில் முடிவது. ஆற்றங்கரைகளில் வெண்ணிறமாகப் பூத்தசையும் காஷ் எனும் நாணலும், இரவில் மலர்ந்து விடியலில் தரையில் உதிரும் சியூலியும் துர்க்கை வழிபாடு நெருங்கிவிட்டதை அறிவிக்கும் பூக்கள். அட்டமியும் நவமியும் சந்திக்கும் வேளையில் நிகழும் சந்தி பூசையில் 108 தாமரைகள் படைக்கப்படுகின்றன. கொல்கத்தாவின் துர்க்கை வழிபாட்டை 2021-இல் யுனெஸ்கோ மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. வங்காளியரின் சியூலி நமக்கு அயலானதன்று. நாம் பவளமல்லி என்பதும் அதுவே. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கிச் சொல்லும் பூக்களுள் ஒன்றாகிய 'சேடல்' இப்பூவே என்பர்.

தக்காணத்துத் தெலங்கானாவில் இதே காலத்தில் பதுக்கம்மா விழா நிகழ்கிறது. மகாளய அமாவாசையன்று தொடங்கி ஒன்பது நாள்கள், பெண்கள் ஆவாரம்பூ, பண்ணைக்கீரைப் பூ, சாமந்தி முதலியவற்றை ஒரு தட்டில் வட்டவட்டமாக அடுக்கிக் கோபுரம் போல் எழுப்பி, அதனைச் சுற்றிவந்து பாடி, இறுதியில் ஏரியிலோ குளத்திலோ விடுகின்றனர். 2014-இல் தனி மாநிலம் அமைந்தபின் அவ்விழா மாநில விழாவாக அறிவிக்கப்பட்டது. மழையால் ஏரிகள் நிறைந்து, தரிசு நிலங்களில் தாமே முளைத்த செடிகள் பூத்து நிற்கும் வேளை அது. அப்பூக்களை நீருக்கே திருப்பித் தருவது இவ்விழா.

வங்கத்தில் சரத் முடியும் நாளில்தான் தமிழகத்தில் கூதிர் தொடங்குகிறது என்பது இங்குக் கருதத்தக்கது. வடக்கே மேகம் கலைவதும் தெற்கே மேகம் திரள்வதும் ஒரே காற்றுமாற்றத்தின் இரு விளைவுகள். சரத்காலத்துப் பூக்கள் வெயிலிலும் நிலவிலும் விளங்குபவை; கூதிர்ப் பூக்கள் மழையில் நனைந்து நிற்பவை.

நெடுநல்வாடை காட்டும் பூக்கள்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை 188 அடிகளைக் கொண்டது, நக்கீரர் பாடியது. உ.வே. சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்த பின்னரே இந்நூல் பரவலாகப் பயிலப்படலாயிற்று. கூதிர்காலத்தை இதனினும் விரிவாகப் பாடிய சங்கநூல் பிறிதில்லை.

நூலின் தொடக்கத்தில் மழை விடாது பெய்கிறது. வெள்ளத்துக்கு அஞ்சி ஆயர்கள் தம் நிரைகளை மேட்டுநிலத்துக்கு ஓட்டிச் செல்கின்றனர். அவர்கள் தலையில் சூடியிருப்பது கோடற்பூக் கண்ணி. கோடல் என்பது வெண்காந்தள். அக்கண்ணி மழைநீரில் நனைந்து அலைக்கழிகிறது. ஆயர்கள் தீமூட்டிக் கைகளைக் காய்ச்சிக் கன்னங்களில் ஒற்றிக்கொண்டு நடுங்குகின்றனர். அடுத்து, புதர்தோறும் முசுண்டைக் கொடி வெண்ணிறமாகவும் பீர்க்கு பொன்னிறமாகவும் பூத்திருக்கின்றன. வயலில் நெற்கதிர் முற்றி வளைகிறது. கமுகங்குலை பருத்துக் காய்க்கிறது. இவற்றுள் எங்கும் இலை உதிரவில்லை என்பதை நாம் கருத்திற்கொள்ள வேண்டும்.

இங்கே பூத்தவை மரங்கள் அல்ல, கொடிகள் என்பதும் நோக்கத்தக்கது. முசுண்டை, பீர்க்கு, பகன்றை, அவரை, கருவிளை, காந்தள் எனக் கூதிரையும் அதனையடுத்த பனிப்பருவத்தையும் ஒட்டிச் சங்கப் புலவர் பாடும் பூக்களுள் பல புதரையும் வேலியையும் பற்றிப் படரும் கொடிகளில் பூப்பவை. இதற்குக் காரணம் உண்டு. கோடையில் இக்கொடிகள் விதையாகவோ கிழங்காகவோ வேராகவோ மண்ணுள் அடங்கியிருக்கும். அல்லது வாடி நிற்கும். காரின் முதல் மழையில் தளிர்த்து, ஓரிரு மாதங்களில் படர்ந்து, கூதிரில் பூக்கும். மரம் ஆண்டு முழுதும் நிற்பது. கொடியோ அவ்வாண்டு மழையின் நேரடி விளைவு. ஆகவே, மழைப்பருவத்துக்குக் கொடிப்பூவே தகுந்த சான்றாகிறது.

மேலும் ஒன்று. பீர்க்கம்பூ மாலையில் மலர்வது; முசுண்டை எனத் தாவரவியலார் இனங்காணும் கொடியின் பெரிய வெண்பூவும் இரவில் விரிவது; பிச்சியும் அந்தியில் அவிழ்வது. குறிஞ்சித் திணைக்குக் கூதிரோடு யாமத்தையும் சேர்த்து வகுத்த இலக்கணத்துக்கும் இரவில் மலரும் இப்பூக்களுக்கும் இயைபு இருத்தல் கூடும் எனக் கருதுகிறோம். குறைந்த அளவு, இருளும் மழையும் கலந்த அவ்வேளையில் கண்ணுக்கு முதலில் புலப்படுபவை வெண்மையும் மஞ்சளுமான இப்பூக்களே என்பது வெளிப்படை.

நெடுநல்வாடையின் நகர்ப் பகுதியில் இக்கருத்து மேலும் தெளிவுறுகிறது. மேகம் மூடியிருப்பதால் பகல் எது, இரவு எது என்று அறியமுடியவில்லை. மாடத்துப் புறாக்களும் இரை தேடச் செல்லாமல் மயங்கி நிற்கின்றன. அந்நிலையில் மகளிர் மாலைப்பொழுதை எவ்வாறு அறிந்தனர்? பூந்தட்டில் இட்டுவைத்த பிச்சி அரும்புகள் கட்டவிழ்ந்து மணம் கமழ்வதைக் கொண்டு பொழுது சாய்ந்ததை உணர்ந்து, இரும்பாலான விளக்கில் ஈரத்திரியைக் கொளுத்தி, நெல்லும் மலரும் தூவிக் கைதொழுதனர் என்கிறார் நக்கீரர். நாள்தோறும் நிகழும் ஓர் எளிய இல்லச் சடங்கில் பூ நாழிகைவட்டிலாகப் பயன்படுகிறது. பூ, விளக்கு, நெல் என்னும் மூன்றும் அச்சடங்கில் ஒன்றுகூடுகின்றன.

பருவத்துக்கேற்ப ஒப்பனையும் மாறியது. குளிர் மிக்கமையால் சந்தனம் அரைப்பாரில்லை. கூந்தலில் மலர் நிறையச் சூடுவாருமில்லை. மங்கலத்துக்காகச் சில மலர்களை மட்டும் முடித்து, கூந்தலுக்கு அகிற்புகை ஊட்டினர். விசிறிகள் சுருக்கித் தொங்கவிடப்பட்டன. புறத்தே பூ மிகும் காலத்தில் கூந்தலில் பூக் குறைவது சுவையான முரண்.

தூது சென்ற பீர்க்கம்பூ

இதுவரை கூறியவற்றால் ஒரு பாடலின் பொருள் எவ்வாறு துலங்குகிறது என்பதைக் காண்போம். குறுந்தொகையின் 98-ஆம் பாடலில், பிரிந்து சென்ற தலைவன் குறித்த காலத்தில் வரவில்லை. தலைவி தோழியிடம் ஒரு விருப்பத்தைக் கூறுகிறாள். நம் தோட்டத்து நனைந்த புதரில் தழைத்த மாரிக்காலப் பீர்க்கின் பூக்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, அவரிடம் நெருங்கிச் சென்று என் நிலையைச் சொல்வார் ஒருவரைப் பெற்றால் நன்றாயிருக்கும் என்பது அவள் கூற்றின் சாரம்.

பீர்க்கம்பூ ஏன்? ஒன்று, அது மஞ்சள் நிறத்தது. பிரிவால் மேனியில் படரும் பசலையைப் பீர்க்கம்பூவுக்கு ஒப்பிடுவது சங்க மரபு. எனவே அப்பூவைக் கண்டவன் அவள் மேனியைக் கண்டவனாவான். இரண்டு, அது மாரியில் மலர்வது. அதனைக் கண்டவன், தான் வருவதாகக் கூறிய பருவம் வந்து நிலைபெற்றுவிட்டதை மறுக்க இயலாது. ஒரே பூ அவள் உடலையும் காலத்தையும் ஒருங்கே எடுத்துரைக்கிறது. தூதர் பேசவேண்டிய தேவையே இல்லை.

இப்பாடலை இலையுதிர்காலத்தில் வைத்துப் படித்தால், உலகமே வாடுகிறது, அவளும் வாடுகிறாள் என்றாகும். பாடலின் துயரம் அதுவன்று. கொடி தழைக்கிறது, புதர் செழிக்கிறது, தோட்டம் நனைந்து நிறைந்திருக்கிறது. அந்நிறைவின் நடுவே அவள் ஒருத்தி மட்டும் குறைகிறாள். பூவின் பொன்மை செழிப்பின் நிறமாகவும், அவள் மேனியின் பொன்மை நோயின் நிறமாகவும் நிற்பதே பாட்டின் உயிர். பருவத்தின் பெயரைப் பிழைபட மொழிபெயர்த்தால் இந்த உயிர் போய்விடுகிறது.

குறுந்தொகையின் 110-ஆம் பாடலும் இத்தகையது. குளத்து நீலத்தின் அரும்பை அலைத்து, புதரில் மயிற்பீலியின் கண்போல் விளங்கும் கருவிளையை ஆட்டி, ஈங்கையின் துய்ம்மலரை உதிர்த்து வரும் வாடைக்காற்றைக் கிள்ளிமங்கலங்கிழார் பாடுகிறார். இங்கு உதிர்வதும் இலையன்று, மலரே. வாடை எத்தனை பூக்களைத் தொட்டு வந்ததோ அத்தனை பூக்களும் அவளுக்குத் தலைவன் வராமையை நினைவூட்டுகின்றன.

பூவைச் சூடாத நிலையும் பேசப்படுகிறது. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடலில், குளிர்ந்த நீர்த்துறையில் மலர்ந்து எவராலும் சூடப்படாது கழியும் பகன்றைப் பூ உவமையாகிறது. பிறர்க்கு ஒன்று ஈயாமல் மாய்ந்துபோகும் உயிர்களுக்கு அப்பூவை ஒப்பிடுகிறார் அவர். கூதிரின் நிறைவை நன்கறிந்தோர்க்கே அந்நிறைவு பயனின்றிக் கழிவதன் அவலம் விளங்கும்.

காந்தளும் கார்த்திகை விளக்கும்

கூதிர்காலப் பூக்களுள் வழிபாட்டோடும் விழாவோடும் மிக நெருங்கியது காந்தள். குறிஞ்சிப்பாட்டின் பூவரிசை செங்காந்தளிலிருந்தே தொடங்குகிறது. இதன் கிழங்கு கலப்பை வடிவினதாதலின் கலப்பைக் கிழங்கு என்றும், கண்வலிக் கிழங்கு என்றும் வழங்கும். இலைநுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிப் புதரைப் பிடித்தேறும். ஆறு இதழ்களும் நெளிந்து மேல்நோக்கி வளையும். முதலில் பசுமை கலந்த மஞ்சளாகத் தோன்றிப் பின்னர்ச் செந்நிறம் படர்வதால், பூத்த கொடி தீச்சுடர் பற்றியது போல் காணப்படும். கார்த்திகைத் திங்களில் மிகுதியாகப் பூப்பதால் கார்த்திகைப் பூ என்னும் பெயரும் இதற்கு உண்டு. இன்று இது தமிழ்நாட்டின் மாநில மலர்.

திருமுருகாற்றுப்படையில் முருகன் தலையில் சூடுவது வண்டும் மொய்க்காத காந்தட் கண்ணி. முருகனை ஆறு மீன்களாகிய கார்த்திகை மகளிர் வளர்த்தனர் என்பது தொன்மம். அம்மீன் கூட்டம் முழுமதியோடு சேரும் நாளில் விளக்கேற்றுவது திருக்கார்த்திகை. பூவும் விளக்கும் விண்மீனும் இவ்வாறு ஒரு மாதத்தில் ஒன்றுகூடுகின்றன. புலவர்களும் இவ்விணைப்பை அறிந்திருந்தனர். கார் நாற்பது பாடிய மதுரைக் கண்ணங்கூத்தனார், கார்த்திகை நாளில் நாட்டவர் ஏற்றிய விளக்குகளைப் போல நிலமெங்கும் தோன்றிப்பூ மலர்ந்ததாகக் கூறுகிறார். தோன்றி என்பதைச் செங்காந்தள் என்றே நிகண்டுகள் கூறும். குறிஞ்சிப்பாட்டு இரண்டையும் தனித்தனியே எண்ணுவதால், நெருங்கிய இரு வகைகளாகவும் இருக்கலாம்.

அகநானூற்றின் 141-ஆம் பாடல் அவ்விழாவை நேரே காட்டுகிறது. உழவுத்தொழில் முடிந்து கலப்பைகள் ஓய்ந்திருக்கின்றன. மழை நீங்கிய வானில் நிறைமதி ஆறு மீன்களோடு சேர்கிறது. தெருவெங்கும் விளக்கேற்றி மாலை தொங்கவிட்டுப் பழமையான ஊரார் பலரும் கூடி விழா எடுக்கின்றனர். கூதிரின் இறுதியை நெருங்கும் வேளை அது. நாள்தோறும் மழையிருளில் ஏற்றிய சிறு விளக்கே, மழை ஓய்ந்த வானின்கீழ் ஊர் முழுதும் ஏற்றும் விளக்காக விரிகிறது என இவ்விரு காட்சிகளையும் நாம் இணைத்துக் காணலாம்.

காந்தள் அழகியதாயினும் நச்சுத்தன்மை உடையது. அதன் கிழங்கிலும் விதையிலும் உள்ள கோல்சிசின் என்னும் பொருள் கீல்வாத மருந்தாகப் பயன்படுகிறது. ஆதலால் இன்று தமிழகத்தில் விதைக்காக இது பயிரிடப்படுகிறது. வேலியில் தானே ஏறிய கொடி, கம்பிப் பந்தலில் ஏற்றப்படும் பணப்பயிராகியுள்ளது.

செவ்வந்தி: இருளின் அளவறிந்து மலரும் பூ

இன்றைய ஆயுத பூசையிலும் தீபாவளியிலும் கார்த்திகையிலும் முன்னிற்கும் பூ செவ்வந்தி. சீனத்தில் தோன்றிய இப்பூ, அங்கு ஒன்பதாம் திங்கள் ஒன்பதாம் நாள் விழாவுக்குரியது. தமிழ் வழிபாட்டிலும் அது ஆழ வேரூன்றிவிட்டது. திருச்சிராப்பள்ளியில் எழுந்தருளியுள்ள இறைவனுக்குச் செவ்வந்திநாதர் என்பது ஒரு பெயர். அத்தலத்தின் மீது சைவ எல்லப்ப நாவலர் செவ்வந்திப் புராணம் பாடியுள்ளார். செவ்வந்தியோடு சேர்த்துத் தொடுக்கப்படும் துலுக்கச் சாமந்தியோ மெக்சிகோவிலிருந்து ஐரோப்பியர் வழி வந்தது. மார்கழிக் கோலத்தின் நடுவே சாணத்தில் செருகப்படும் பறங்கிப்பூவின் பெயரே அதன் வரவைச் சொல்லும். மரபு என்பது பூவை மாற்றாமல் வைத்திருப்பதன்று. பருவத்துக்குரிய பூவைத் தேடிக்கொள்வது என இவற்றால் அறிகிறோம்.

செவ்வந்தி பருவத்தை அறியும் முறை மழையைச் சார்ந்ததன்று. அது குறும்பகல் தாவரம். இரவின் நீளம் ஓர் எல்லையைக் கடந்த பின்னரே அரும்பு கட்டும். சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேர வேறுபாடு உண்டு. எனவே புரட்டாசிக்குப் பின் இரவு நீளும்போது தமிழகத்துச் செவ்வந்தித் தோட்டங்கள் பூத்துக் குலுங்குகின்றன.

நம் கேமரன் மலையின் நிலை வேறு. நிலநடுக்கோட்டுக்கு அணித்தாக இருப்பதால் அங்குப் பகலளவின் வேறுபாடு ஆண்டு முழுவதிலும் அரைமணி நேர அளவே. இரவு எந்நாளும் செவ்வந்தி அரும்புவதற்குப் போதுமான நீளமுடையது. அவ்வாறே விட்டால், செடி போதிய உயரம் வளருமுன் பூத்துவிடும். ஆகவே தோட்டக்காரர்கள் இரவில் மின்விளக்குகளை ஏற்றிச் செடிக்கு நீண்ட பகல் போன்ற மயக்கத்தை உண்டாக்குகின்றனர். தண்டு போதிய அளவு வளர்ந்த பின்னர் விளக்கை அணைக்கின்றனர். சில வாரங்களில் பூக்கள் மலர்கின்றன. மலேசியச் செவ்வந்தி ஜப்பானுக்குப் பெருமளவில் ஏற்றுமதியாகி, அங்கு முன்னோர் வழிபாட்டுக்கும் பயன்படுகிறது. பருவமில்லா மலையில் விளக்கைக் கொண்டு ஒரு பருவம் ஆக்கப்படுகிறது.

பருவம் மாறா மண்ணில் பருவ மரபு

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் தீபாவளியையும் கந்தசட்டியையும் திருக்கார்த்திகையையும் நாட்காட்டி வழியே கொண்டாடுகின்றனர். பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைகளிலும் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவிலும் வானூர்தியில் வந்த மல்லிகையும், கேமரன் மலைச் செவ்வந்தியும், உள்ளூர் ஆர்க்கிட்டும் ஒரே மாலையில் இடம்பெறக் காண்கிறோம். இதனை மரபின் தேய்வு எனக் கூறவேண்டியதில்லை. ஆனால் பூவுக்கும் பொழுதுக்கும் இருந்த உறவு இங்கு அறுந்துள்ளது என்பதை ஏற்கத்தான் வேண்டும்.

அவ்வுறவை மாணவர்க்கு மீட்டுக் காட்ட இம்மண்ணிலேயே வழியுண்டு. குறுந்தொகைக் கருவிளை வேறெதுவுமன்று, நீலச் சங்குப்பூ. மலாய் மக்கள் 'புங்கா தெலாங்' என வழங்குவதும், கிளந்தான் மாநிலத்து நாசி கெராபுச் சோற்றுக்கு நீலநிறம் ஊட்டுவதும் அப்பூவே. நம் வீட்டு வேலிகளில் ஆண்டு முழுதும் பூப்பதால் நாம் அதனைப் பருவப்பூவாக எண்ணுவதில்லை. அதுபோலவே, நவம்பர் முதல் மார்ச் வரை தீபகற்ப மலேசியாவின் கிழக்குக் கரையில் பெருமழை பெய்விக்கும் வடகிழக்குப் பருவக்காற்றும், தமிழகத்தில் வாடை எனப் பாடப்பட்ட காற்றும் ஒரே பருவக்காற்று அமைப்பைச் சார்ந்தவை. கோத்தா பாரு மாணவர் ஒருவர் வெள்ளத்துக்கு அஞ்சி மேட்டுநிலம் செல்லும் ஆயரை எளிதில் உணர்வார். இலையுதிரும் ஐரோப்பியச் சாலையைக் காட்டி விளக்குவதைவிட, கிளந்தானின் டிசம்பர் மழையைக் காட்டி விளக்குவது நெடுநல்வாடைக்கு மிகவும் அணிமையானது.

தமிழகத்திலோ வேறொரு வகை இழப்பு நேர்கிறது. கூதிர்ப் பூக்களின் இருப்பிடம் புதரும் உயிர்வேலியும். அவை அழிந்து மதிலும் கம்பிவேலியும் எழும் இடங்களில் முசுண்டைக்கும் பகன்றைக்கும் படர இடமில்லை. செடி மறைந்தபின் சொல் மட்டும் எஞ்சுகிறது. உரைநூல்கள் அதற்கு 'ஒருவகைக் கொடி' என்று பொருள் எழுதுகின்றன. பி.எல். சாமி போன்றோர் சங்க இலக்கியச் செடிகொடிகளைத் தாவரவியல் நோக்கில் ஆராய்ந்து எழுதியமையால் இச்சொற்கள் பல மீண்டும் உருப்பெற்றன. அப்பணி தொடரப்பட வேண்டும்.

முடிவுரை

கூதிர் என்பது இலை உதிரும் காலமன்று. மழையும் வாடையும் கொடிப்பூவும் கூடிய காலம். அதன் பூக்கள் பெரும்பாலும் புதரில் படர்பவை; அவற்றுள் சில இருளில் மலர்பவை. அவை மகளிர்க்குப் பொழுதை அறிவித்தன. பிரிந்தோர்க்குப் பருவத்தை அறிவித்தன. கார்த்திகை விளக்குக்கு உவமையாயின. வடபுலத்துச் சரத்துக்கும் மேலைநாட்டு ஆட்டம் பருவத்துக்கும் தத்தமக்குரிய பூக்களும் வழக்கங்களும் உள்ளன. மூன்றையும் ஒரே சொல்லால் மூடுவது மூன்றுக்குமே நீதியாகாது.

எனவே மொழிபெயர்ப்பிலும் வகுப்பறையிலும் கூதிரைக் கூதிர் என்றே வழங்கி, தேவைப்படுமிடத்தில் 'குளிர்மழைக்காலம்' என விளக்குவது தகும் எனப் பரிந்துரைக்கிறோம். சொல்லோடு பூவையும் காட்டுதல் இன்றியமையாதது. முசுண்டையும் காந்தளும் நமக்குக் கிட்டாவிடினும், வேலியோரத்துச் சங்குப்பூவும், எவர் தோட்டத்திலேனும் மாலையில் மலரும் பீர்க்கம்பூவும் கிட்டும். குறுந்தொகையின் 98-ஆம் பாடலைக் கற்பிக்கும் நாளில் அப்பூ ஒன்று மேசைமீது இருக்குமாயின், அப்பாடலுக்கு உரை பாதி முடிந்ததாகும்.